கடைசி 128 திருப்பங்கள்: மைக்ரோகண்ட்ரோலருக்குள் ட்ரேஸ் பஃபர் வந்த கதை

பத்து வருடம் இருக்கும். அப்போது நான் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில் விவசாய பம்புசெட்டுக்கான கண்ட்ரோலர் போர்டு ஒன்று செய்துகொண்டிருந்தோம். உள்ளே இருந்தது ஒரு கார்டெக்ஸ்-எம்0+ சிப். எல்லாம் நல்லாத்தான் ஓடும். ஆனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை போர்டு திடீரென்று ரீசெட் ஆகும். ஆனதும் விவசாயி போட்டுவைத்திருந்த டைமர் அழிந்துவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும், மோட்டார் ஓடாது. காலையில் வந்து பார்த்தால் வயல் காய்ந்து கிடக்கும். அப்புறம் எங்களுக்கு போன் வரும். அந்த போன்களில் என்ன பேசுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆபீஸ் மேஜையில் வாட்ச்டாக் டைமரை அணைத்துவிட்டு ஓடவிட்டோம். மூன்றாம் நாள் போர்டு உறைந்து நின்றது. சரி, பிழை இருக்கிறது. எங்கே என்று பார்க்க, நாம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் ஒரு பிரிண்ட்எஃப் போட்டேன். ஒரு வாரம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. பிரிண்ட்எஃப்பை எடுத்தேன். இரண்டாம் நாள் நின்றது.

இதில் மாயம் ஒன்றுமில்லை, சின்னக் கணக்குதான். சீரியல் போர்ட்டில் 115200 பாட் வேகத்தில் ஒரு எழுத்து போக 10 பிட் வேண்டும். அதாவது சுமார் 87 மைக்ரோ செகண்ட். எங்கள் சிப் ஓடிய வேகம் 48 மெகாஹெர்ட்ஸ். ஆக, ஒரே ஒரு எழுத்து வெளியே போவதற்குள் சிப்புக்கு 4,000-க்கும் மேற்பட்ட கிளாக்குகள் கடந்துவிடும். இருபது எழுத்துள்ள ஒரு வரி அச்சாவதற்குள் எத்தனையோ இன்டரப்ட்கள் வந்து போயிருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தது என் ப்ரோகிராமை இல்லை. பிரிண்ட்எஃப் போட்டதால் உண்டான வேறொரு ப்ரோகிராமை.

ப்ரோகிராமைத் தொந்தரவு செய்யாமல் அது போகும் பாதையைப் பார்க்க முடியுமா? இந்தக் கேள்விக்கு நாற்பது ஐம்பது வருடமாகச் சொல்லப்பட்டுவரும் பதில்களின் கதைதான் இந்தக் கட்டுரை. கடைசியில் மறுபடியும் பம்புசெட்டுக்கே வருவோம்.

எல்லாம் வெளியே தெரிந்த காலம்

1974-ல் வந்த இன்டெல் 8080-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 40 கால்கள். அதில் 16 முகவரிக் கம்பிகள், 8 டேட்டா கம்பிகள். ப்ரோகிராம் வேறொரு மெமரி சிப்பில் இருக்கும். அதனால் ப்ராசஸர் எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனை எடுத்தாலும் அதன் முகவரி போர்டில் ஓடும் செம்புக் கம்பிகளில் தெரிந்தே ஆக வேண்டும். அதில் கிளிப் மாட்டினால் போதும். 1973-லேயே ஹியூலெட்-பக்கார்ட் போன்றவர்கள் லாஜிக் அனலைசர் என்ற கருவியை விற்க ஆரம்பித்திருந்தார்கள்.

1970-களின் நடுவில் இன்டெல் இன்னொரு வழியைக் கொண்டுவந்தது: ஐஸ்-80. இன்-சர்க்யூட் எமுலேட்டர் என்பதன் சுருக்கம்தான் ஐஸ். போர்டிலிருந்து ப்ராசஸரைப் பிடுங்கிவிட்டு, அந்த சாக்கெட்டில் ஒரு கேபிளைச் செருக வேண்டும். கேபிளின் மறுமுனையில், ஒரு பெரிய டெவலப்மென்ட் சிஸ்டம் பெட்டிக்குள், அதே ப்ராசஸர் உட்கார்ந்திருக்கும். அது செய்யும் ஒவ்வொரு பஸ் அசைவும் பெட்டியில் உள்ள தனி மெமரியில் பதிவாகும். மெமரி நிறைந்தால் பழையதன்மேல் புதியது எழுதப்படும். ஓட்டம் நின்றதும், நிற்பதற்குச் சற்று முன் நடந்ததெல்லாம் அதில் இருக்கும்.

ட்ரேஸ் பஃபர் என்ற எண்ணம் இங்கேயே முழுசாக இருக்கிறது. வட்டமாகச் சுற்றும் ஒரு மெமரி, எதைப் பதிவது என்று ஒரு விதி, எப்போது நிறுத்துவது என்று இன்னொரு விதி. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் இந்த மூன்றையும் பெட்டியிலிருந்து சிப்புக்குள் இடம் மாற்றிய வேலைதான். ஆனால் அந்த இடமாற்றம் லேசில் நடக்கவில்லை.

கதவு சாத்தப்பட்டது

1976-ல் இன்டெல் 8048, 1980-ல் 8051. இவை மைக்ரோகண்ட்ரோலர்கள், ப்ரோகிராம் மெமரியும் ராமும் சிப்புக்குள்ளேயே வந்துவிட்டன. 8051-ல் 4 கிலோபைட் ராம் அல்ல, ரோம். ராம் வெறும் 128 பைட். போர்டு மலிவானது, சின்னதானது. கூடவே வேறொன்றும் நடந்தது. இன்ஸ்ட்ரக்‌ஷன் முகவரி வெளியே வரவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கிளிப் மாட்டக் கம்பியே கிடையாது.

இதற்கு அப்போது கண்ட வழி பாண்ட்-அவுட் சிப். அதே மைக்ரோகண்ட்ரோலரை, உள்ளே ஓடும் பஸ் சிக்னல்களையெல்லாம் கூடுதல் கால்கள் வழியாக வெளியே கொண்டுவந்து, தனியாக ஒரு வகையாகச் செய்வார்கள். கடையில் கிடைக்காது, எமுலேட்டர் செய்பவர்களுக்கு மட்டும்தான். குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் விலை எகிறும். இன்னொரு தலைவலி, விற்பனைக்கு வரும் சிப்பில் ஒரு திருத்தம் செய்தால் பாண்ட்-அவுட் சிப்பிலும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எமுலேட்டரில் ஓடுவது ஒன்று, போர்டில் ஓடுவது இன்னொன்று.

பெரிய ப்ராசஸர்களுக்கும் இதே கதிதான். 1989-ல் வந்த இன்டெல் 80486-க்குள் 8 கிலோபைட் கேஷ் இருந்தது. லூப் ஒன்று கேஷுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் வெளி பஸ் அமைதியாக இருக்கும். வேகமும் கூடிக்கொண்டே போனது. ஒரு முழ நீள கேபிளில் அந்த சிக்னல்களைக் கொண்டுபோவதே சிரமமானது.

உள்ளே போன முதல் கருவி

வெளியிலிருந்து பார்க்க முடியாது என்றால், பார்க்கிறவனை உள்ளே உட்கார வைக்க வேண்டியதுதான். 1990 வாக்கில் மோட்டரோலா தன் 68332 சிப்பில் பேக்கிரவுண்ட் டீபக் மோட் என்ற வசதியை வைத்தது. சில கம்பிகள் வழியாக ப்ராசஸரை நிறுத்தலாம், ரெஜிஸ்டர்களைப் படிக்கலாம், மறுபடி ஓடவிடலாம். அதே 1990-ல் ஜேடாக் என்று நாம் சொல்லும் ஐட்ரிபிள்ஈ 1149.1 தரம் வெளியானது. போர்டில் சாலிடரிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வந்த தரம் அது. ஆனால் நாலைந்து கம்பியில் சிப்புக்குள் நுழைய ஒரு வழி கிடைத்துவிட்டதே, டீபக் செய்பவர்கள் சும்மா விடுவார்களா? அதிலேயே ஏறிக்கொண்டார்கள்.

1990-களின் நடுவில் வந்த ஆர்ம்7டிடிஎம்ஐ பெயரிலேயே இந்த வரலாறு இருக்கிறது. பெயரில் வரும் ‘டி’ எழுத்துகளில் ஒன்று டீபக்கைக் குறிக்கும். கடைசி ‘ஐ’ எம்பெடட்-ஐஸ். சிப்பைப் பிடுங்கிவிட்டு மாட்டிய அந்தப் பெரிய பெட்டியின் பெயரையே, சிப்பின் ஒரு மூலையில் அடங்கும் சின்ன சர்க்யூட்டுக்கு வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு வாட்ச்பாயின்ட் யூனிட்கள். அவ்வளவுதான்.

ஆனால் பெட்டியில் இருந்த ஒன்று மட்டும் உள்ளே வரவில்லை: ட்ரேஸ். இந்த வசதிகள் எல்லாம் ‘நிறுத்திப் பார்’ வகை. நிறுத்தினால் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியும். எப்படி இங்கே வந்தது என்று தெரியாது. தவிர, சிலதை நிறுத்தவே கூடாது. மோட்டாரை ஓட்டும் ப்ரோகிராமை நடுவில் நிறுத்தினால், ஆன் நிலையில் இருந்த ட்ரான்சிஸ்டர் அப்படியே ஆனிலேயே நின்று எரிந்துபோகலாம். கார் இன்ஜினை ஆயிரம் சுற்றில் உறையவைத்துவிட்டு ரெஜிஸ்டர் பார்க்க முடியுமா?

எதை எழுதாமல் விடுவது?

ட்ரேஸ் ஏன் உள்ளே வரவில்லை? அளவுதான் காரணம். 100 மெகாஹெர்ட்ஸில் கிளாக்குக்கு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் வீதம் ஓடினால், 4 பைட் முகவரி வீதம் நொடிக்கு 400 மெகாபைட். 10 மெகாஹெர்ட்ஸ் ஜேடாக் கம்பி ஒன்றில் நொடிக்கு ஒன்றேகால் மெகாபைட்தான் போகும். உள்ளேயே சேமிக்கலாம் என்றால் ராம் எங்கே இருக்கிறது?

தீர்வு ஒரு எளிய கவனிப்பில் இருந்தது. ப்ரோகிராம் பெரும்பாலான நேரம் நேராகத்தான் போகிறது. நேராகப் போகும்வரை எதையும் எழுத வேண்டியதில்லை, ஏனென்றால் ப்ரோகிராமின் பிரதி நம் கையிலேயே இருக்கிறது. ஒருவர் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போன வழியைச் சொல்ல அடிக்கு அடி எழுத வேண்டுமா? எந்த முக்கில் எந்தப் பக்கம் திரும்பினார் என்று எழுதினால் போதும். மீதியை மேப்பைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

1990-களின் கடைசியில் ஆர்ம் கொண்டுவந்த எம்பெடட் ட்ரேஸ் மேக்ரோசெல், சுருக்கமாக ஈடிஎம், இதைத்தான் செய்தது. கண்டிஷன் உள்ள இடத்தில் அது நிறைவேறியதா இல்லையா என்பதற்கு ஒரு பிட்டே போதும். போகும் இடம் ப்ரோகிராமிலேயே எழுதியிருக்கிறது. ஃபங்‌ஷன் பாயின்டர் வழியாகத் தாவும்போதும், ரிட்டர்ன் ஆகும்போதும்தான் முகவரியைச் சொல்ல வேண்டியிருக்கும். அப்போதும் முந்தைய முகவரியிலிருந்து மாறிய கீழ்ப்பக்க பிட்களை மட்டும் அனுப்பினால் போதும். அதே சமயத்தில் கார் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் நெக்ஸஸ் என்ற தரம் உருவானது. முதல் பதிப்பு ஐட்ரிபிள்ஈ-ஐஎஸ்டிஓ 5001, வருடம் 1999. அதிலும் அடிப்படை இதுவேதான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு, பலர் இதில் மாட்டிக்கொள்வார்கள். சிப்பில் ஓடும் ப்ரோகிராமும் நம் கையில் இருக்கும் பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நேற்றைய பில்ட் சிப்பில், இன்றைய பில்ட் கம்ப்யூட்டரில் என்றால், ட்ரேஸ் நம்மை நம்பிக்கையோடு தப்பான தெருவுக்குக் கூட்டிப்போகும்.

இவ்வளவு சுருக்கியும் ஈடிஎம் ட்ரேஸை வெளியே கொண்டுவர 4, 8 அல்லது 16 டேட்டா கால்களும் ஒரு கிளாக் காலும் தேவைப்பட்டன. மறுமுனையில் விலை உயர்ந்த ஒரு பெட்டியும் வேண்டும். கால்கள் வேண்டாம் என்றால், சிப்புக்குள்ளேயே ட்ரேஸுக்கென்று ஒரு ராமை வைத்து, முழு வேகத்தில் அதில் எழுதி, பிறகு ஜேடாக் வழியாக மெதுவாகப் படிக்கலாம். ஆர்மின் எம்பெடட் ட்ரேஸ் பஃபர் அப்படிப்பட்டது. பழைய பெட்டியின் மெமரி கடைசியில் உள்ளே வந்து சேர்ந்துவிட்டது.

சின்ன சிப்புகளின் சிக்கனம்

ஆனால் அது பெரிய சிப்புகளுக்கு. 2000-களின் தொடக்கத்தில் மோட்டரோலாவின் 8-பிட் எச்சிஎஸ்08 சிப்புகளில் இருந்த டீபக் பகுதியைப் பாருங்கள். பாதை திரும்பிய இடத்தின் முகவரிகளைச் சேமிக்க அதில் இருந்த இடம் எட்டு. ஆமாம், எட்டே எட்டு பதிவுகள், ஒவ்வொன்றும் 16 பிட். ட்ரேஸ் வசதிக்கான சிலிக்கானுக்கும் காசு கொடுப்பது சிப் வாங்குகிறவர்தான். கோடிக்கணக்கில் விற்கும் மலிவான சிப்பில், ப்ரோகிராம் எழுதுகிறவன் சில வாரம் பயன்படுத்தும் ஒன்றுக்கு எவ்வளவுதான் இடம் ஒதுக்குவார்கள்?

2012-ல் ஆர்ம் கார்டெக்ஸ்-எம்0+ ப்ராசஸரை அறிவித்தபோது கூடவே வந்த மைக்ரோ ட்ரேஸ் பஃபர், எம்டிபி, இந்தக் கேள்விக்கு ஒரு சாமர்த்தியமான பதில். தனி ராம் கிடையாது. ப்ரோகிராம் பயன்படுத்தும் அதே ராமில் ஒரு பகுதியைக் கடன் வாங்கிக்கொள்ளும். டீபக் வேலை முடிந்ததும் அந்த இடம் ப்ரோகிராமுக்கே திரும்பிவிடும். நிரந்தரச் செலவு ஒரு சின்ன சர்க்யூட் மட்டும்தான்.

அதனால் அது சுருக்கும் வேலையெல்லாம் செய்யாது. பாதை திரும்பும்போதெல்லாம் இரண்டு 32-பிட் எண்களை எழுதும்: எங்கிருந்து கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது. மொத்தம் 8 பைட். இந்த சிப்பில் இன்ஸ்ட்ரக்‌ஷன் முகவரிகள் எல்லாம் இரட்டைப்படை என்பதால் கடைசி பிட் எப்போதும் சும்மா இருக்கும், அதையும் விடவில்லை. முதல் எண்ணின் கடைசி பிட் 1 என்றால், இந்தத் திருப்பம் ப்ரோகிராம் தானாக எடுத்ததில்லை, இன்டரப்ட் மாதிரி ஏதோ ஒன்று இழுத்துப்போனது என்று அர்த்தம். இரண்டாவது எண்ணின் கடைசி பிட், பதிவு இங்கேதான் தொடங்கியது என்பதற்கான அடையாளம்.

படிப்பதும் சுலபம். ஒரு பதிவின் ‘போய்ச் சேர்ந்த’ இடத்திலிருந்து அடுத்த பதிவின் ‘கிளம்பிய’ இடம் வரை ப்ரோகிராம் நேராக ஓடியிருக்கிறது. முக்கியமான ரெஜிஸ்டர்களும் மூன்று நாலுதான். பொசிஷன் அடுத்து எங்கே எழுதுவது என்று சொல்லும். ஒரு சுற்று முடிந்துவிட்டதா என்பதற்கும் அதில் ஒரு பிட் உண்டு. மாஸ்டரில் பதிவை ஆன்-ஆஃப் செய்யலாம், வட்டத்தின் அளவைச் சொல்லலாம். ஃப்ளோவில், குறிப்பிட்ட இடம் வந்ததும் பதிவை நிறுத்து அல்லது ப்ராசஸரையே நிறுத்து என்று சொல்லலாம்.

1 கிலோபைட் ஒதுக்கினால் 128 திருப்பங்கள். ஐந்து இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒரு திருப்பம் என்று வைத்துக்கொண்டால் 48 மெகாஹெர்ட்ஸில் இது சுமார் 15 மைக்ரோ செகண்ட் வரலாறு. பிரிண்ட்எஃப் ஒரு எழுத்தை அனுப்பும் நேரத்தில் ஆறில் ஒரு பங்கு. இதே கணக்கில் அந்தக் கால 8051-ன் மொத்த ராமையும் கொடுத்தாலும் 16 திருப்பங்கள்தான் கிடைத்திருக்கும்.

மறுபடி பம்புசெட்

எங்கள் சிப்பில் எம்டிபி இருந்தது. வாங்கி ஒரு வருடம் ஆகியும் எங்களில் யாரும் மேனுவலில் அந்த அத்தியாயத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. 1 கிலோபைட் ஒதுக்கி, ஆன் செய்து, காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை போர்டு நின்றிருந்தது. ஆசையாக பஃபரைப் படித்தால், 128 பதிவுகளும் ஒன்றே. ஒரே முகவரியிலிருந்து அதே முகவரிக்கு.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஹார்ட்ஃபால்ட் வந்தால் போய் நிற்க நாங்கள் எழுதியிருந்த ஹேண்ட்லரில் ஒரே ஒரு வரி: முடிவில்லாத லூப். அந்த லூப்பின் ஒவ்வொரு சுற்றும் ஒரு திருப்பம். மூன்று நாள் காத்திருந்து கிடைத்த தடயத்தை, விழுந்த சில மைக்ரோ செகண்டுக்குள் அந்த லூப்பே அழித்து, தன் பெயரை 128 தடவை எழுதிவைத்திருந்தது.

ஹேண்ட்லரின் முதல் வரியில் எம்டிபி மாஸ்டர் ரெஜிஸ்டரில் பதிவை அணைத்தேன். மறுபடி மூன்று நாள். இந்த முறை கதை முழுசாக இருந்தது.

கோடில் ஒரு இடத்தில், கால்பேக் பாயின்டர் பூஜ்யமா என்று பார்த்து, இல்லையென்றால் அதைக் கூப்பிடும் வரி. ஸ்டாக்கைப் பார்த்தபோது பூஜ்யத்துக்குத்தான் தாவியிருக்கிறது என்று முன்பே தெரியும். ஆனால் அதுதான் குழப்பமே. பூஜ்யமா என்று பார்த்துவிட்டுத்தானே கூப்பிடுகிறோம்? ட்ரேஸில் பதில் இருந்தது. பார்த்தாயிற்று. கூப்பிடுவதற்கு முன், கடைசி பிட் 1-ஆக ஒரு திருப்பம்: டைமர் இன்டரப்ட். அந்த இன்டரப்ட் போன வழியில் கால்பேக்கை ரத்து செய்யும் ஃபங்‌ஷன். திரும்பி வந்தது. கூப்பிட்டது. பாயின்டர் இப்போது பூஜ்யம். விழுந்தது.

இரண்டு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு நடுவிலான இடுக்கு. பிரிண்ட்எஃப் போட்டால் நேரம் நகர்ந்து இன்டரப்ட் வேறெங்கோ விழும், அதனால்தான் ஒளிந்துகொண்டது. பாயின்டரை ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்துக்கொண்டு, அதையே சோதித்து, அதையே கூப்பிடும்படி மாற்றினோம். ரத்தான கால்பேக் ஒரு தடவை கூடுதலாக ஓடினாலும் எங்கள் கோடில் பாதிப்பில்லை. அந்த போன்கள் நின்றன.

எப்போது நிறுத்துவது?

என் தவறை நினைக்கும்போதெல்லாம் மார்ஸ் பாத்ஃபைண்டர் ஞாபகம் வரும். 1997 ஜூலை 4-ல் செவ்வாயில் இறங்கிய நாசா விண்கலம். சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. அதில் இருந்தது சிப்புக்குள் உள்ள ட்ரேஸ் இல்லை. விஎக்ஸ்வொர்க்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மென்பொருளாகவே எழுதிய ஒரு ட்ரேஸ், அதுவும் வட்ட பஃபரில். ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தை ஏவுவதற்கு முன்பே யோசித்திருந்தார்கள். இந்தப் பிழை வந்தால் உடனே பதிவை நிறுத்தி, இருப்பதை வெளியே கொட்டு என்று கோடிலேயே எழுதியிருந்தது. செவ்வாயிலிருந்து அதைக் கொண்டுவர முடியாது. பூமியில் இருந்த மறுபிரதியில் அதே மென்பொருளை ஒரு மாற்றமும் செய்யாமல் ஓட்டினார்கள். 18 மணி நேரத்துக்குள் பிழை அங்கேயும் வந்தது. பஃபர் அதைப் பிடித்தது. ஒரு மியூடெக்ஸில் ப்ரையாரிட்டி இன்ஹெரிடன்ஸை ஆன் செய்ததும் தீர்ந்தது.

ஐஸ்-80 பெட்டியிலிருந்து எம்டிபி வரை எல்லாமே மறக்கிற கருவிகள்தான். கடைசியில் நடந்தது மட்டும்தான் அவற்றிடம் இருக்கும். எட்டு பதிவோ, 128 பதிவோ, போதுமா என்பது அளவைப் பொறுத்ததில்லை. சரியான நேரத்தில் நிறுத்தினோமா என்பதைப் பொறுத்தது. எச்சிஎஸ்08-ன் எட்டு பதிவுகளைச் சரியான நொடியில் நிறுத்தினால், தாமதமாக நிறுத்திய ஒரு மெகாபைட்டைவிட அதிகம் சொல்லும்.

உங்கள் மேஜையில் கார்டெக்ஸ்-எம்0+, எம்23 அல்லது எம்33 போர்டு ஏதாவது இருந்தால், அதன் மேனுவலில் எம்டிபி இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப்பாருங்கள். சிப் கம்பெனி சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். இருந்தால், ஹார்ட்ஃபால்ட் ஹேண்ட்லரில் அந்த லூப்புக்கு மேலே, பதிவை அணைக்கும் ஒரு வரியைச் சேர்த்துவையுங்கள். எனக்கு அந்த ஒரு வரி மூன்று நாள் தாமதமாகக் கிடைத்தது.